ஏழு குத்தி மிளகாய்த்தூள்

2011ஆம் ஆண்டு தை மாதத்திலிருந்து பாலைக்குடாவில் இரண்டு ரூபாய்க் குத்தி, அதாவது நாணயம், வீட்டுக்கு வீடு வேறு வேறு நிறையாக இருந்தது. கொண்டச்சிக்கு வடக்கே, நாற்பத்தொரு குடும்பங்கள் மீள்குடியேறிய அந்தக் கடற்கரை ஊரில் இது முதலில் தெரியவந்தது ஹிதாயாவின் கடையில்தான். அவர் தொண்ணூறில் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது பதினெட்டு வயதில் ஊரைவிட்டுப் போய், புத்தளத்தில் இருபது வருடம் இருந்து, புருசனை அங்கே அடக்கிவிட்டுத் தனியாகத் திரும்பியவர். வாப்பா கட்டிய வீட்டில் சுவரும் வாசல் நிலையும்தான் மிச்சம். கூரைக்குத் தகரம் கொடுத்தார்கள், கதவு கொடுக்கவில்லை. நிலையில் தரப்பாளைக் கட்டி முன்னறையில் கடை போட்டார். மூன்று மாதத்தில் மூன்று தடவை களவு போயிற்று. நாலாம் தடவையும் போனால் கடையை மூடிக்கொண்டு புத்தளத்துக்கே போவதென்று முடிவு செய்திருந்தார். தன் கதவு ஊருக்குள்ளேயே யாரோ ஒருவர் வீட்டு நிலையில் ஆடிக்கொண்டிருக்கிறது என்ற எண்ணம் அவரைத் தூங்கவிடவில்லை. ஐந்து வீடு தள்ளியிருந்த அம்புறோசின் நீலக் கதவைக் கடக்கும்போதெல்லாம் நடையை மெதுவாக்குவார். பெயின்டுக்குள் என்ன மரம் என்று யார் கண்டது.

தராசு புத்தளத்திலிருந்து வந்தது, சின்னப் படிக்கற்கள் வழியில் தொலைந்தன. அதற்குப் பதில் குத்திகளை வைத்து நிறுத்தார். ஒரு ரூபாய் பூஞ்சை, சரிவராது. ஐந்து ரூபாய் ஆளில் சிறியது, ஆனால் இரண்டு ரூபாயைவிடப் பாரம். புதிதாக வந்த பதினொரு மூலைப் பத்து ரூபாய் எல்லாவற்றிலும் பாரம், அகலத்தில் அதுவும் இரண்டு ரூபாய்க்குக் கீழேதான். பெறுமதி குறைந்த குத்தி அகலமாக இருப்பதை ஊரார் நம்பவில்லை. எங்கேயோ யாரோ ஏய்க்கிறார்கள் என்று பட்டது. பட்டதில் பிழையும் இல்லை, அந்தக் காலத்தில் ஏய்க்காதவன் யார்? இரண்டு ரூபாய் மட்டும் சரியாக ஏழு கிராம். ஏழு குத்தி வைத்தால் ஐம்பதுக்கு ஒரு கிராம் குறைவு. அந்த ஒரு கிராமைப் பிடித்துக்கொண்டார் வாடிக்கைக்காரி சித்தி மரியம். “உன்ட குத்தி உனக்குத்தான் தெரியும், என்ட குத்திய வச்சு நிறு,” என்று மடியிலிருந்து ஏழு எடுத்து வைத்தார். தட்டு விழுந்தது. அதை எழுப்ப இருநூற்றைம்பது கிராம் மிளகாய்த்தூள் தேவைப்பட்டது.

அதன்பிறகு எல்லோரும் தங்கள் குத்தியோடுதான் வந்தார்கள். பாரக் குத்திக்காரர் முதல் இரண்டு கிழமை ஊரில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்கள். பிறகுதான் வினை. சித்தி மரியம் தன் வீட்டிலிருந்த அம்மியை, அது பக்கத்து வளவுக்காரியுடையது என்று மனம் உறுத்தி, திருப்பிக் கொடுத்தார். மறுநாள் அவருடைய ஏழு குத்தி வெறும் நாற்பத்தொன்பது கிராம் நின்றது. ஊருக்கு விளங்கிவிட்டது. பிறர் பொருள் இருக்கும் வீட்டில் குத்தி பாரமாகும். அந்த மாசி முழுக்க ஒருவரும் மிளகாய்த்தூள் வாங்கவில்லை, வீட்டுக்கு வீடு தூள் போடாத சொதிதான். விடிகாலைகளில் வளவு வாசல்களில் கப்பி, ஆட்டுக்கல், கட்டில் சட்டம், தையல் மெசின் என்று ஒவ்வொன்றாக வந்து நின்றன. யார் வைத்தது என்று எவரும் கேட்கவில்லை, கேட்டால் தன் வீட்டையும் கேட்பார்களே.

அம்புறோசின் வீட்டிலிருந்து மட்டும் யாரும் கடைக்கு வரவில்லை. பங்குனியில் ஒருநாள் அவர் மனைவி அந்தோனியம்மா வந்தார். ஏழு குத்தியைத் தானே எடுத்துத் தட்டில் வைத்தார். ஹிதாயா இருந்த தூள் அத்தனையையும் கொட்டினார், பிறகு மல்லியை, பிறகு அரை மூடை சீனியை. தட்டு எழும்பவில்லை. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்தோனியம்மா குத்திகளைப் பொறுக்கிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை அம்புறோஸ் நீலக் கதவை முதுகில் சுமந்துகொண்டு வந்தார். “கள்ளமா எடுக்கேல்ல தங்கச்சி. ஆளாளுக்கு ஓட்டையும் மரத்தையும் கழட்டிக்கொண்டு போகேக்க, இதாவது மிஞ்சட்டும் எண்டு கொண்டு போனனான். பிறகு குடுக்க மனம் வரேல்ல,” என்றார். கதவு நிலையில் நூல் பிசகாமல் பொருந்தியது. ஹிதாயா இருபது வருடத்தில் முதல்தடவையாக வாப்பாவின் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். அடுத்த நாள் கடை திறந்து தன் குத்திகளை வைத்தார். தட்டு விழுந்தது.

அவருக்கு ஆத்திரம் வந்தது. தன் கதவு, தன் நிலை, இதில் பிறர் பொருள் எங்கே? அம்புறோஸ் ஏதோ சூது செய்துவிட்டாரென்று நினைத்து, கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அவர் வீட்டுக்குப் போனார். வாசலில் சாக்குத் தொங்கியது. ஹிதாயா கேட்டதற்கு அந்தோனியம்மா உள்ளே இருந்தபடியே சொன்னார். “அந்தக் கதவில தாழ்ப்பாள் எங்கட மகன் சுஜன் பூட்டினது. பதினாலு வயசில. தலைகீழாப் பூட்டிப்போட்டான், கீழ இழுத்தாத்தான் துறக்கும். திருத்த நான் விடேல்ல. ரெண்டாயிரத்தொன்பதில காணாமப் போனவன், இருட்டில வந்தாலும் கையால தடவி இது எங்கட வீடெண்டு அறிவான்.” ஹிதாயா, “கழட்டித் தாறன் அக்கா,” என்றார்.

அன்றே தாழ்ப்பாளைக் கழற்றிக் கொடுத்தார். அம்புறோஸ் தென்னஞ்சட்டத்தில் ஒரு கதவு அடித்து, தாழ்ப்பாளை அதில் தலைகீழாகவே பூட்டினார். ஹிதாயாவின் குத்தி பாரம் இறங்கியது, ஆனால் குத்திக்கு ஏழு கிராமுக்கு இறங்கவில்லை, ஒன்பதில் நின்றது. எதனால் என்று இரண்டு நாள் வீட்டைக் கிளறித் தேடினார். கதவில் சுஜன் துளைத்த ஆறு ஆணித் துளைகள் இருந்தன. அவற்றைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை. தச்சன் மரத்தூளும் பசையும் கொண்டுவந்து அடைத்துத் தருவதாகச் சொன்னான். ஹிதாயா வேண்டாமென்று அனுப்பிவிட்டார். ஊருக்கு அதில் புதினம் ஏதுமில்லை. நிறுவை பார்க்க வந்த உத்தியோகத்தர்கூட ஒருதடவை நிறுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் எழுதாமல் போனார். அந்தக் கடையில் இன்றைக்கும் அறுபத்துமூன்று கிராம் மிளகாய்த்தூள் ஐம்பது கிராமின் விலைதான்.