நூற்று முப்பத்து நான்கு யார்டு

இதை என் தங்கச்சியிடம் எப்படிச் சொல்வது என்று மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். சொன்னால் என்னைத் தலைமுழுகிவிடுவாள். எனக்கென்று இருப்பது அவள் ஒருத்திதான்.

நான் கோல்ஃப் கிளப்பில் அடுத்தவர் மட்டைப் பையைச் சுமக்கிறவன். சுமப்பது பாதி வேலை. கொடி எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று கண்ணால் அளந்து, இன்ன ஆள் இன்ன மட்டையால் அடித்தால் பந்து எங்கே விழும் என்று கணக்குப் போட்டு, சரியான மட்டையை உருவிக் கையில் கொடுப்பது மீதி வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதைச் செய்கிறேன். அதில் ஒரு பல் டாக்டருக்கு மட்டும் மூன்று வருஷம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு விளையாட வந்த மனிதர். நான் கொடுத்த மட்டையால் அடிப்பார், பந்து கொடிக்குப் பக்கத்தில் போய் உட்காரும். அதெல்லாம் தன் கைத்திறமை என்று நினைத்துக்கொண்டார். நினைத்துவிட்டுப் போகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஒருநாள் கழுத்தில் ஒரு கருவியைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். ஒற்றைக் கண்ணால் பார்க்கும் பைனாகுலர் மாதிரி இருந்தது. கொடியைப் பார்த்துப் பொத்தானை அழுத்தினால் லேசர் போய்த் திரும்பி, இத்தனை யார்டு என்று எண்ணைக் காட்டும்.

"இனிமே உன் குத்துமதிப்பு வேண்டாம்பா. மெஷின் பொய் சொல்லாது" என்றார், நாலு பேர் முன்னால். நாலு பேரும் சிரித்தார்கள்.

குத்துமதிப்பாம். இந்த மூன்று வருஷத்தில் அவரிடம் நான் ஐந்து யார்டு தவறியதில்லை.

கொடியின் தூரம் தெரிந்தால் போதாதே, எந்த மட்டை எவ்வளவு தூரம் போகும் என்றும் தெரியவேண்டும். அதற்கு அட்டவணை போடவேண்டும் என்று என்னைப் பயிற்சித் திடலுக்கு அழைத்துப்போனார். ஒவ்வொரு மட்டைக்கும் பத்துப் பந்து. ரொம்பத் தூரம் போனதையும் ரொம்பக் கிட்டே விழுந்ததையும் ஒதுக்கிவிட்டு, மிச்சப் பந்துகள் கும்பலாகக் கிடக்கும் இடத்தில் நான் போய்க் குடையை விரித்து அவர் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். தரையில் கிடக்கும் பந்தில் லேசர் சரியாகப் படாது, குடையில் படும். அவர் அங்கிருந்து எண்ணைக் கத்துவார். நான் திரும்பி வந்ததும் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து, மருந்துச் சீட்டு எழுதுகிற கிறுக்கல் கையெழுத்தில் குறிப்பார். ஒன்பதாம் நம்பர் மட்டை, நூற்றுப் பன்னிரண்டு. எட்டாம் நம்பர், நூற்று இருபத்து மூன்று. ஏழாம் நம்பர், நூற்று முப்பத்து நான்கு. வெயிலில் குடை பிடித்தும் நிழலில்லாமல் நின்றவன் இந்த உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இதில் ஒரு விஷயம் உண்டு. திடலில் கிடக்கும் பந்துகள் பழசு. ஆயிரம் அடி வாங்கி, மழையில் ஊறி, தோல் தேய்ந்து செத்துப்போன பந்துகள். அவை பறக்காது. விளையாட்டில் டாக்டர் போடுவது பெட்டி பிரித்த புதுப் பந்து. அதே மட்டை, அதே கை, ஆனால் பதினைந்து யார்டு கூடப் போகும். மட்டைப் பை தூக்குகிற எல்லோருக்கும் இது தெரியும். கற்றுக்கொள்ள வந்து மூன்றே வருஷமான டாக்டருக்குத் தெரியாது.

சொல்லியிருக்கலாம். "டாக்டர், இது செத்த பந்து, பதினைந்து கூட்டிக்குங்க" என்றால் முடிந்தது. சொல்லவில்லை. மெஷின் பொய் சொல்லாது அல்லவா? நாளைக்கு நாலு பேர் முன்னால் பந்து கொடியைத் தாண்டிப் புதருக்குள் போகட்டும், அப்புறம் என்னிடம் வரட்டும் என்று வாயைக் கட்டிக்கொண்டேன். அன்று வீட்டுக்குப் போகும்போது பாட்டுக்கூட முணுமுணுத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

மறுநாள் காலை, நாலாவது குழி. குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல் வட்டம், நடுவில் கொடி. அங்கே என் தங்கச்சி புருஷன் புல்வெட்டும் மெஷினோடு நின்றார். அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவனே நான்தான். ஆட்டக்காரர்கள் வந்தால் வேலையாள் மெஷினை நிறுத்தி, அதையும் இழுத்துக்கொண்டு கொடிக்குப் பின்னால் இருபது தப்படி தள்ளிப் போய் நின்று கையைத் தூக்குவார். அடிக்கலாம் என்று அர்த்தம். பந்து கொடியோடு நின்றுவிடும், அவ்வளவு தூரம் வராது என்பது அவர்கள் கணக்கு. மாப்பிள்ளை போய் நின்றார், கையைத் தூக்கினார், பிறகு முதுகைக் காட்டிக் குனிந்து மெஷின் பல்லில் சிக்கிய புல்லைப் பிடுங்க ஆரம்பித்தார்.

டாக்டர் கருவியைக் கண்ணில் வைத்தார். "நூத்தி முப்பத்தஞ்சு. ஏழாம் நம்பர் எடு."

புதுப் பந்துக்கு எட்டாம் நம்பர் கொடுத்திருக்கவேண்டிய இடம். ஏழாம் நம்பரை உருவிக் கொடுத்தேன்.

"அடிக்கலாமா?"

"அடிங்க டாக்டர்."

பந்து கொடியைத் தாண்டப்போகிறது என்று எனக்குத் தெரியும். கொடிக்குப் பின்னால் மாப்பிள்ளை குனிந்திருக்கிறார் என்றும் தெரியும். என் கண்ணாலேயே பார்த்தேன். இரண்டும் ஒரே மண்டைக்குள்தான் இருந்தன, ஆனால் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளவில்லை. டாக்டரின் மூக்கு உடைவதைப் பார்க்கும் அவசரத்தில் இருந்தேன்.

அவர் வாழ்க்கையிலேயே அவ்வளவு அழகாக அடித்ததில்லை. பந்து நேராக எழுந்தது. கொடிக்கு மேலே போனபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பந்து தப்பினால் கத்தி எச்சரிக்க வேண்டியவன் நான். சிரித்த வாயை மூடித் திறந்து "மாப்ள!" என்று கத்தியபோது, அந்தச் சத்தம் கேட்டுத்தான் அவர் திரும்பினார். நெற்றிப்பொட்டில் பட்டது. கத்தாமலிருந்தால் முதுகில் பட்டிருக்கும்.

பதினேழு நாள் நினைவில்லாமல் கிடந்தார். விழித்தபோது வலது கையும் காலும் வரவில்லை, பேச்சு போய்விட்டது.

கிளப்பில் விசாரணை வைத்தார்கள். மேனேஜர் கருவியைக் கொடியை நோக்கிப் பிடித்துப் பார்த்தார், சரியாகக் காட்டியது. அட்டையைப் பார்த்தார். டாக்டர் திடலுக்குப் போய் ஏழாம் நம்பரால் பத்து அடித்துக் காட்டினார். எல்லாம் நூற்று முப்பது, முப்பத்தைந்து. எந்தப் பந்து என்று யாரும் கேட்கவில்லை. என்னைக் கேட்டபோது, "மாப்பிள்ளை கையைத் தூக்கினாரு, அடிங்கன்னு சொன்னேன்" என்றேன். அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. விபத்து என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள்.

டாக்டர் மட்டைகளை விற்றுவிட்டார். தன் கைதான் அன்று பேய்பிடித்த மாதிரி ஓங்கி அடித்துவிட்டது என்று நம்பினார். மாப்பிள்ளையைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றியது அவர், பேச்சுப் பயிற்சி தருகிற அம்மாவை வீட்டுக்கு அனுப்புவது அவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தங்கச்சி வீட்டுக்கு மூன்று மாடி ஏறி வருவார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, மாப்பிள்ளையின் செத்த கையைப் பிடித்துக்கொண்டு, "என்னை மன்னிச்சிடுப்பா" என்பார். ஒவ்வொரு வாரமும். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

மூன்றாம் மாதம் எனக்குத் தாங்கவில்லை. தங்கச்சி ஓட்டல் சலவைக் கூடத்தில் வேலை முடித்துவிட்டு வந்து, சமையலறையில் கஞ்சியை வடிகட்டிக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். செத்த பந்து, அட்டை, சிரிப்பு வரைக்கும்.

அழுவாள் என்று நினைத்தேன். வடிகட்டியைத் தட்டிக் கழுவி மாட்டினாள்.

"டாக்டருக்குத் தெரியுமா?"

"தெரியாது. இந்த ஞாயித்துக்கிழமை சொல்லிடறேன். பாவம், அந்த மனுஷன்..."

"சொல்லக்கூடாது."

"என்னம்மா இது..."

"அவரு தன்னோட தப்புன்னு நெனச்சுத்தான் செய்யறாரு. இல்லன்னு தெரிஞ்சா எத்தனை நாள் வருவாரு? பேச்சு டீச்சர் வந்து இப்பத்தான் இவரு ரெண்டு வார்த்தை சொல்றாரு. அந்தச் செலவை நீ குடுப்பியா?"

நான் கதவுப் பக்கம் திரும்பினேன்.

"உன் மனசு லேசாகணும்னு எங்கிட்ட சொல்லிட்டே. ஆயிடுச்சில்ல? போதும்." கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றினாள். "தினமும் சாயங்காலம் வா. இவரைக் கீழ தூக்கிட்டுப் போக ஆள் வேணும். அதுக்கு மட்டும் வா. எங்கூடப் பேசாத."

போனேன். கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விடுவாள். மாப்பிள்ளையை முதுகில் சுமந்து மூன்று மாடி இறக்குவேன், தெருமுனை வரை தாங்கிப் பிடித்து நடத்துவேன், திரும்ப ஏற்றுவேன். அவர் என் காதுக்குள் "மச்சான், மச்சான்" என்பார். அவருக்கு வந்த இரண்டு வார்த்தைகளில் அது ஒன்று.

இந்த ஞாயிற்றுக்கிழமை டாக்டர் வந்தார். ரொம்ப இளைத்திருந்தார். நான் மாப்பிள்ளையைக் கட்டிலில் இறக்கிக் காலை நீட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ராத்திரியெல்லாம் யோசிக்கிறேன்பா. அட்டையில நூத்தி முப்பத்தி நாலுதானே இருந்துச்சு? பந்து எப்படி அவ்வளவு தூரம் போச்சு? உனக்கு ஏதாவது தோணுதா?"

நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் தங்கச்சி வாசற்படிக்கு வந்து நின்றாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

"எங்க அண்ணனை எதுக்கு டாக்டர் கேக்கறீங்க? எங்க அண்ணன் சரியாத்தான் பாத்திருப்பாரு. நீங்கதான் ஓங்கி அடிச்சிட்டீங்க."

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். "ஆமாம்மா" என்றார். "நான்தான்."

நான் வாயைத் திறக்கவில்லை. அவள் என்னை அண்ணன் என்று சொல்லிப் பதினோரு நாள் ஆகியிருந்தது.