டிக் இல்லாத கட்டம்

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு வந்த மின்னஞ்சலை லோகப்பிரியா நின்றுகொண்டே படித்தாள்.

"மேடம், நான் வெள்ளகோவில் பக்கம் கோழிப்பண்ணை வெச்சிருக்கிற சுரேந்தருங்க. உங்க பேக்கேஜை அப்டேட் பண்ணுனதுக்கப்புறம் அலாரம் மெசேஜ் வரலைங்க. நேத்து மத்தியானம் கரண்டு போயி, ஃபேன் நின்னு, ரெண்டாயிரத்து முந்நூறு கோழி செத்துப்போச்சுங்க. ஏனுங்க அந்த ஆப்ஷனை எடுத்தீங்க?"

இரண்டாம் முறையும் படித்தாள்.

மதுக்கரையில் வீட்டிலிருந்தபடியே ஒரு பம்பு கம்பெனிக்கு மென்பொருள் எழுதுவது அவள் பிழைப்பு. அதற்கு வெளியே சம்பளமில்லாத வேலை ஒன்றும் இருந்தது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தும் ஒரு மென்பொருள் தொகுப்பில் மற்றவர்கள் எழுதிய மென்பொருளை நிறுவத் தோதாகக் கட்டித் தரும் பதினேழு பேக்கேஜ்களை அவள் பராமரித்து வந்தாள். ஒவ்வொன்றிலும் சில ஆப்ஷன்கள் இருக்கும். நிறுவுகிறவர் தனக்கு வேண்டியதற்கு டிக் போட்டுக்கொள்ளலாம். எதையும் தொடாமல் விட்டால் அவள் வைத்தபடியே நிற்கும். ஒவ்வொரு ஆப்ஷனுக்குப் பக்கத்திலும் ஒரு வரி விளக்கம் உண்டு. அதை எழுதுவதும் அவள்தான்.

சுரேந்தர் சொன்ன பேக்கேஜ் கொட்டகையின் வெப்பத்தையும் மின்சாரத்தையும் கவனிப்பது. ஏதாவது தவறினால் சிம் கார்டு வழியாக உரிமையாளரின் போனுக்கு மெசேஜ் அனுப்பும். அந்த ஆப்ஷனின் பெயர் ஜிஎஸ்எம். மூன்று வாரத்துக்கு முன்னால் அதற்குத் தேவையான இன்னொரு மென்பொருள் கெட்டுப்போனதால் பேக்கேஜே உருவாகாமல் நின்றது. அதற்காக லோகப்பிரியா அந்த டிக்கை எடுத்தாள். இரண்டே நாளில் அது சரியாகிவிட்டது. டிக்கைத் திரும்ப வைக்க அவள் மறந்துவிட்டாள்.

உடனே மடிக்கணினியைத் திறந்து டிக்கை வைத்தாள். பக்கத்திலிருந்த விளக்கத்தைப் பார்த்தாள். 'ஜிஎஸ்எம் வசதி' என்று மட்டும் ஆங்கிலத்தில் இருந்தது. நான்கு வருடத்துக்கு முன்னால் அவளே எழுதியது. நாற்காலியில் உட்கார்ந்தாள், எழுந்தாள், சமையலறை வரை போனாள், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பினாள்.

இரண்டாம் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அவள் கணவன் அருண்குமார் விஷயத்தைக் கேட்டான்.

"சும்மா செஞ்சு குடுக்கற வேலை. இதுல உம்மேல என்ன தப்பு இருக்குது கண்ணு? பதில் போட்டுட்டு விடு."

"நாந்தானுங்க அதை அணைச்சுப்போட்டேன். போயி நேர்ல சொல்லாம எனக்கு இருப்புக் கொள்ளாதுங்க."

நேரில் வருவதாகச் சுரேந்தருக்கு எழுதி, வழி கேட்டுக்கொண்டு, உக்கடம் போய், சிங்காநல்லூர் போய், கரூர் பஸ் ஏறினாள். காங்கேயம் தாண்டும்வரை என்ன சொல்வது என்று வாக்கியங்களைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தாள். எதுவும் நிற்கவில்லை. வெள்ளகோவிலில் இறங்கியபோது திரும்பிப் போய்விடலாமா என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது.

சுரேந்தருக்கு முப்பது வயதிருக்கும். பண்ணை வாசலில் பிளீச்சிங் பவுடரும் அழுகலும் கலந்த நாற்றம். கொட்டகைக்குப் பின்னால் புதிதாக மூடிய குழியின் மேல் சுண்ணாம்பு வெள்ளையாகக் கிடந்தது.

"உள்ள வாங்க. தண்ணி குடிக்கறீங்களா?" என்றான். இவ்வளவுக்கும் நடுவில் அந்த மரியாதைதான் அவளை அதிகம் குத்தியது.

"நான் அதை எடுத்தேனுங்க. திருப்பி வெக்க மறந்துபோட்டேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அவன் குரல் ஏறியது.

"அஞ்சு நிமிசம் முன்னாடி தெரிஞ்சிருந்தா ஜெனரேட்டரைக் கையில போட்டிருப்பேனுங்க. அதைத் தானா ஓட வெக்கற சுவிட்சு மாட்டிக்கிச்சு. நான் டீக்கடையில உக்காந்துட்டு இருக்கறேன், போன் சட்டைப்பையிலதான் இருக்குது! மெசேஜ் வரலைன்னா எல்லாம் நல்லா இருக்குதுன்னுதானுங்க நெனைப்போம்?"

"ஆமாங்க."

"அப்டேட் பண்றப்ப நீலக் கலர்ல ஒரு லிஸ்ட்டு வந்துச்சு. பாத்தேன். ஜிஎஸ்எம் வசதின்னு போட்டிருந்துச்சு, டிக் இல்ல. எனக்கென்னங்க தெரியும்? ஓகேன்னு அழுத்திப்போட்டேன். அதுக்கப்புறம் ஒருக்கா கரண்டை நிறுத்திப் பாத்திருக்கோணும். அது என்ற தப்பு."

அவன் தன் தப்பையும் சொன்னது அவளுக்கு ஆறுதலாக இல்லை. மடிக்கணினியை அவன் மேசையில் வைத்து, தான் பஸ்ஸில் எழுதி வைத்த புது விளக்கத்தைத் தமிழில் சொன்னாள்: "சிம் மோடம் வழியாக எச்சரிக்கை அனுப்பும் வசதி."

"இதுவும் மத்த பதினஞ்சு வரி மாதிரியேதான் இருக்குதுங்க. போனா போவுதுன்னு தோணும்."

வேறொன்று சொன்னாள். அதுவும் சரியில்லை என்று தலையை ஆட்டினான்.

"டிக்கை எடுத்தா என்ன நடக்கும்னு சொல்லுங்க. 'இது இல்லையின்னா கரண்டு போனாலும் உங்க போனுக்கு மெசேஜ் வராது.' அவ்வளவுதானுங்க."

அவள் அதையே ஆங்கிலத்தில் எழுதினாள். விளக்கத்துக்கு இருந்த எழுபது எழுத்து வரம்புக்குள் அடங்க மூன்று முறை வெட்ட வேண்டியிருந்தது. கூடவே, அந்த டிக் இல்லாமல் யாராவது அப்டேட் செய்தால் ஒரு எச்சரிக்கை வந்து, படித்து ஆமாம் என்று சொன்னால்தான் மேலே போகும்படி செய்தாள். அங்கேயே, பேட்டரி இணைத்த அவன் இயந்திரத்தில் நிறுவி, மெயின் சுவிட்சை அணைத்தார்கள். பதினொரு நொடியில் அவன் போன் ஒலித்தது. இருவரும் சிரிக்கவில்லை. அவன் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பஸ் நிறுத்தம் வரை பைக்கில் கொண்டுவந்து விட்டான்.

"வந்ததுக்கு நன்றிங்க," என்றான். மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

தொகுப்பின் மாற்றங்களைச் சரிபார்க்கும் ரங்கராஜ் மறுநாள் பதில் எழுதியிருந்தார். பெங்களூரில் இருப்பவர். ஆப்ஷன் என்ன செய்யும் என்றுதான் விளக்கம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று சொல்வது நம் வழக்கமில்லை என்றார். லோகப்பிரியா வாதாடவில்லை. நடந்ததை ஒரு பத்தியில் எழுதினாள், தான் மறந்ததையும் சேர்த்து. மாலைக்குள் அவர் ஏற்றுக்கொண்டார். கீழே ஒரு கேள்வி மட்டும் வைத்திருந்தார்: மற்ற பேக்கேஜ்களில்?

அவள் பதினேழையும் திறந்தாள். மொத்தம் அறுபத்திரண்டு ஆப்ஷன்கள். முதல் ஐந்துக்கு எழுதி முடித்தாள். ஆறாவதற்கு 'கூடுதல் பாதுகாப்பு' என்று அவள் கையாலேயே எழுதியிருந்தது. அதை அணைத்தால் யாருக்கு என்ன ஆகும் என்று எவ்வளவு யோசித்தும் அவளுக்குத் தெரியவில்லை. அந்த மென்பொருளை எழுதியவரின் முகவரியைத் தேடி எடுத்து, எழுந்து அறைக்குள் இரண்டு நடை நடந்துவிட்டு வந்து, அவருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாள்.