கூரையில் இருப்பவனிடம்

ரோடா சமையலறைக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வெளியே வந்தபோது அவள் தம்பி லோர்ன் கூரைச் சரிவில் ஒருக்களித்துக் கிடந்தான். நெம்புகோலின் தட்டை முனையை, ஓட்டுக்குப் பதில் வேய்ந்திருந்த தார் அட்டைக்கு அடியில் நுழைத்து, அட்டை கிழியாமல் பழைய ஆணியைக் கவ்வப் பார்த்துக்கொண்டிருந்தான். கடற்காற்று பிய்த்துப்போட்டு ஒழுகும் இடம் அது. நேர்கீழே நோயில் கிடந்த அப்பாவின் கட்டில். அவரை அசைக்க முடியாததால் கட்டிலையும் நகர்த்தவில்லை.

அப்பா போய்விட்டார். இப்போதுதான், வாளியில் ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவில்.

அதைச் சொல்லத்தான் ஓடிவந்தாள். ஏணியில் கை பட்டதும் வாய் அடைத்துக்கொண்டது. கூரையில் இருப்பவனிடம் கெட்ட சேதி சொல்லக் கூடாது. ஆயுசெல்லாம் கூரை வேய்ந்த அப்பா மர்டாக் தன் ஆட்களுக்குக் கத்திக் கத்திச் சொன்ன ஒரே சட்டம் அது. சொந்த மனைவி செத்த சேதியைக்கூடத் தரையில் கால் வைத்த பிறகுதான் கேட்டுக்கொண்டார்.

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. சரிவு ஏற்கெனவே ஈரம்.

"அக்கா, குளிர்ல அட்டை விறைச்சுப் போச்சு. தூக்குனா நொறுங்குது. சூடா ஏதாவது குடு, தார் இளகட்டும்."

"முதல்ல இறங்குடா. டீ வச்சிருக்கேன்."

"உன் டீயா? ஆணியே வேண்டாம், அத ஊத்துனாலே அட்டை ஒட்டிக்கும். அவர் மேல ஒழுகுது, சீக்கிரம் கொண்டா."

உள்ளே போய்க் கண்ணில் பட்ட வெந்நீர்ப் பையை எடுத்து வந்து, ஏணியில் ஏறி நீட்டினாள்.

அவன் அதை அட்டைமேல் வைத்து அழுத்தினான். பிறகு அதன் சிவப்புக் கம்பளி உறையையே பார்த்தான். அப்பாவின் காலடியிலேயே கிடக்கும் பை. நர்ஸ் தொட்டால்கூடக் கடிக்க வருவார்.

"குடுத்துட்டாரா?"

வாயைக் காத்தவள் கையைக் காக்க மறந்துவிட்டாள்.

"தூங்குறாரு."

"தூக்கத்துலயும் விட மாட்டாரே."

"வேர்க்குதுன்னாரு."

அவன் கால் சறுக்கியது. அட்டையில் ஒட்டியிருந்த மணல் அவள் தலையில் சரசரவென்று கொட்டியது. கடவுளே, இவனையாவது விட்டுவை என்று ஏணியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அவன் நெம்புகோலைக் கூரைமேல் ஊன்றிச் சமாளித்துக்கொண்டான்.

ஆணி வந்தது. புது அட்டையைச் செருகி அடித்தான்.

"முடிஞ்சுதுல்ல, வா."

"இன்னும் இல்ல."

நெம்புகோல் பக்கத்து அட்டைக்குள் நுழைந்தது. காற்று தொடாத அட்டை. அதைக் கிளப்பினான், ஆணியைப் பிடுங்கினான், மறுபடி அடித்தான். பிறகு அதற்கடுத்தது.

தூறல் விழத் தொடங்கியது.

"லோர்ன், அது நல்லாத்தானடா இருக்கு."

"பேசாதக்கா." குரல் உடைந்திருந்தது. "நான் இன்னும் மேலதான இருக்கேன்."

அவள் நனைந்துகொண்டே ஏணியைப் பிடித்து நின்றாள். திறந்திருந்த ஜன்னல் வழியே காது கொடுத்தாள். உள்ளே வாளியில் சொட்டு விழவில்லை.

வெகுநேரம் கழித்து நெம்புகோலின் பிடி முதலில் கீழே நீண்டது. வாங்கிக்கொண்டாள். பிறகு அவனுடைய பூட்ஸ் கால் ஏணியின் மேல்படியைத் தேடியது.