புறாக்கூட்டுக்குக் கிளிப்பச்சை

மாப்பிள்ளை ஓர் அட்டைப் பெட்டியோடு படியேறி வந்தபோது பெயின்டர் அதை மிக்ஸி என்றுதான் நினைத்தார். பழைய மிக்ஸி செத்துப் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது, மாப்பிள்ளைக்குத்தான் எவ்வளவு அக்கறை என்று மனசுக்குள் ஒரு சபாஷ்கூடப் போட்டுவிட்டார். அப்போது பெட்டிக்குள் படபடவென்று என்னவோ அடித்துக்கொண்டது.

"என்ன மாப்பிள்ளை, கரன்ட் குடுக்காமலே ஓடுது?"

மூடியைத் திறந்தால் இரண்டு புறாக் குஞ்சுகள். ஒன்று வெள்ளை, இன்னொன்று சாம்பல். கழுத்தில் இன்னும் உதிராத மஞ்சள் பஞ்சு. வெள்ளை தலையைச் சாய்த்துப் பெயின்டரை மேலும் கீழும் பார்த்தது, வேலைக்கு ஆள் எடுக்க வந்த மேனேஜர் மாதிரி. அந்தப் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. சாம்பல் எதற்கும் அலட்டிக்கொள்ளாமல் பெட்டியின் மூலையில் உட்கார்ந்திருந்ததால் அது அம்மணி ஆயிற்று.

பெயர் வைத்ததெல்லாம் பிறகு. அன்றைக்குப் பெயின்டர் சொன்னது வேறு.

"ஏன் மாப்பிள்ளை, இந்த வீட்டுல இருக்கிற ஜனம் போதாதா?"

வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் மகளின் முகம் பொசுக்கென்று வாடிப்போனதைப் பார்த்தார். மாப்பிள்ளை பெட்டியை மூடிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டார். வாயிலிருந்து விழுந்த சொல்லைத் திருப்பி அள்ளவா முடியும்? பெயின்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு பேப்பரை விரித்தார்.

மனுஷர் கெட்டவர் இல்லை. நாற்பது வருஷமாக ஊரார் வீட்டுச் சுவர்களுக்கெல்லாம் வர்ணம் அடிப்பவர், தன் வீட்டுச் சுவரைக் கண் மாதிரி வைத்திருந்தார். அதுதான் வினை. அந்தச் சுவரில் யாரும் சாயக் கூடாது, ஆணி அடிக்கக் கூடாது. மாப்பிள்ளை சந்தை வாசலில் பூட்டு ரிப்பேர் கடை வைத்திருந்தார். சாவியைத் தொட்ட கையோடு அவர் வீட்டுக்குள் வந்தால், பெயின்டரின் கண் அந்தக் கையோடு கூடவே போகும். கல்யாணமானதும் 'கொஞ்ச நாளைக்கு' என்று வந்து தங்கிய பிள்ளைகள், ஒரு வருஷம் தாண்டியும் விருந்தாளி மாதிரியே நடமாடினார்கள்.

புறா வந்து ஒரு வாரம் போயிருக்கும். பெயின்டர் படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். மாடியில் மகளும் மாப்பிள்ளையும் பேசுவது காதில் விழுந்தது.

"சந்தைக்குப் பின்னால ஒரு வீடு காலியாகப் போகுதாம். சின்ன வீடுதான்."

"சின்னதா இருந்தா என்னங்க? இங்க மூச்சு விட்டாலே சுவத்துல கறை படியும்னு அப்பா பாக்கறாரு. நீங்க எத்தனை நாள்தான் பொறுத்துப்பீங்க?"

ஒற்றை மகள். அவள் சிரிப்பும் மாப்பிள்ளையின் சாவிக்கொத்துச் சத்தமும் இல்லாத வீட்டைப் பெயின்டர் நினைத்துப் பார்த்தார். செருப்பைப் போடாமலே அடுக்களைக்குப் போய் மனைவியிடம் சொன்னார்.

"போகாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன். நாக்கு தேஞ்சா போயிடும்?" என்றாள் அவள்.

"பெத்தவன் நான். நான் போயி கெஞ்சணுமா?"

"கெஞ்ச வேணாம். வீம்பைக் கட்டிக்கிட்டு அழுங்க."

அந்தக் கோபத்தையெல்லாம் புறா மேல் இறக்கலாம் என்று கிளம்பினார் பெயின்டர். மாப்பிள்ளைக்கு அவற்றைக் கொடுத்த சைக்கிள் கடைக்காரரிடம் நேராகப் போனார். கடைக்காரர் ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டு, கோணல் எங்கே என்று ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா, இந்தப் புறாவை நீயே திருப்பி எடுத்துக்கிறியா?"

"இப்ப எடுத்துக்கலாங்க. வெளிய விட்டுப் பழகினப்புறம் எடுக்க முடியாது. அதுக்குத்தான் குஞ்சா குடுத்தேன். இங்க பறந்து பழகின புறாவை வித்தா காசும் என்னுது, புறாவும் என்னுதுங்க. கூண்டைத் திறந்ததும் நேரா இங்க வந்துடும்."

"அப்ப எங்க மாடியில பழகிட்டா?"

"செத்தாலும் அந்த மாடிதான். நீங்க வீடு மாத்தினாலும் அது மாத்தாது. எங்க மச்சான் ஒருத்தன் நாலு தெரு தள்ளிக் குடிபோனான். தினம் புறாவைப் பிடிச்சுக்கிட்டுப் போவான், தினம் அது பழைய மாடிக்கே வந்து உக்காரும். அலைஞ்சு அலைஞ்சு வெறுத்துப்போயி, அதே வீட்டுக்கே திரும்பி வந்துட்டான்னா பாருங்களேன்!"

பெயின்டர் அப்படியே நின்றுவிட்டார். போன வேகம் என்ன, திரும்பி வந்த வேகம் என்ன! வரும் வழியில் கம்பும் சோளமும் பச்சைப் பட்டாணியும் வாங்கிக்கொண்டார். கடைக்காரர் சொன்ன மாதிரி, புறாவின் வயிற்றுக்குள் தீனி அரைபடுவதற்குக் கொஞ்சம் பொடிக்கல்லும் மறக்கவில்லை.

அன்றிலிருந்து அந்த வீட்டில் புறாவுக்கு அவரை விட்டால் வேறு வக்கீல் கிடையாது. "எலி வரும்" என்று மனைவி சொன்னால், "அதான் கால் உசரமா வச்சுத்தானே கூண்டு கட்டியிருக்கு" என்பார். தட்டில் தண்ணீர் வைத்தால் மேனேஜர் முங்கி முங்கிக் குளிப்பதைப் பார்க்க நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். மாப்பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை. மகளுக்கோ அப்பாவுக்கு உடம்பு சரியில்லையோ என்று சந்தேகம்.

கூண்டை மாப்பிள்ளை பழைய பார்சல் பெட்டிப் பலகைகளில் செய்திருந்தார். முன்பக்கம் கம்பிவலை, புறாக்கள் சுற்றுவட்டாரத்தைப் பார்த்துப் பார்த்து மனசில் பதித்துக்கொள்வதற்காக. பூட்டுக்காரர் மூளை கதவில் தெரிந்தது. உள்பக்கம் மட்டும் தள்ளித் திறக்கும் கம்பிக் கதவு அது. உள்ளே வரலாம், வெளியே போக முடியாது. இப்படி ஒன்றை வீட்டு வாசலுக்கும் போட்டுவிட்டால் தேவலையே என்று பெயின்டர் பெருமூச்சு விட்டார்.

ஆனால் அந்தப் பலகைகள்! ஒன்றில் எண்ணெய்க் கறை, இன்னொன்றில் ஆணித் துரு, ஓரத்தில் பாதி அழிந்த அம்புக்குறி. பெயின்ட் அடிக்காத மரத்தைப் பார்த்தால் அவருக்குக் கை அரிக்கும். தினமும் சாயங்காலம் அதன் எதிரே உட்கார்ந்து அரிப்பை அடக்கிக்கொண்டார். கூண்டில் கை வைக்கப் போய் மாப்பிள்ளையோடு மனஸ்தாபம் வந்தால், இருக்கிறதும் கெட்டுவிடும்.

ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. கழுத்துப் பஞ்சு உதிர்ந்து, இறக்கை நிறைந்து, மேனேஜர் கூண்டுக்குள்ளேயே எகிறிக் குதிக்க ஆரம்பித்தது. ஒரு விடுமுறை நாளில், மதியத் தீனியை நிறுத்தி, பசியோடு விட்டால் தீனிக்குத் தானாக இறங்கும் என்று மாப்பிள்ளை கூண்டைத் திறந்தார். அடுத்த நாள்தான் சந்தைக்குப் பின்னால் இருக்கும் வீட்டுக்காரருக்கு முடிவு சொல்ல வேண்டிய நாள். அது பெயின்டருக்கும் தெரியும். இன்றைக்குப் புறா இறங்கிவிட்டால் தப்பித்தோம் என்று கூண்டை விட்டு நகராமல் நின்றார்.

இரண்டும் கூண்டு மேல் ஏறி உட்கார்ந்து, உலகத்தை ஒரு தரம் பார்த்தன. பிறகு சடசடவென்று கிளம்பி, தெருவுக்கு மேலே ஒரு பெரிய வட்டம் போட்டன. "அடேங்கப்பா!" என்று பெயின்டர் கைதட்டினார். அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் போன் அடித்தது. யாரோ ஒரு பெண், அடுப்பில் பாலை வைத்துவிட்டு வெளியே வந்தவள், கதவு தானாகப் பூட்டிக்கொண்டதாம்.

"மாமா, நான் ஓடிப் போயிட்டு வந்துடறேன். நீங்க ஒண்ணும் பண்ண வேணாம், பாத்துக்கிட்டு மட்டும் இருங்க."

பார்த்துக்கொண்டுதான் இருந்தார். புறாக்கள் மேலே மேலே போய்ப் புள்ளியாகின. எதிரே காலிக் கூண்டு. எண்ணெய்க் கறை அவரைப் பார்த்தது, அவர் எண்ணெய்க் கறையைப் பார்த்தார். திடீரென்று ஒரு யோசனை. அட, இதைவிட நல்ல நேரம் எப்போது கிடைக்கும்? மாப்பிள்ளை திரும்பி வரும்போது கூண்டு ஜம்மென்று புதுசாக நிற்கட்டும். நான் உங்களை ஒதுக்கவில்லை என்று வாயால் சொல்ல வராததை ஒரு கோட்டிங் அடித்தாவது சொல்லிவிடலாமே! கீழே அரை டப்பா கிளிப்பச்சை மிச்சம் இருந்தது.

நாற்பது வருஷக் கை. அரை மணியில் கூண்டு பளபளவென்று மின்னியது. எட்ட நின்று ரசித்துக்கொண்டிருந்தபோது புறாக்கள் திரும்பி வந்தன. மாடிக்கு நேர் மேலே வந்து, இறக்கையை விரித்து, காலை நீட்டி, இதோ இறங்கப் போகின்றன. சட்டென்று மேனேஜர் விசுக்கென மேலே ஏறிவிட்டது. அம்மணியும் பின்னாலேயே ஏறியது. இன்னொரு சுற்று, இன்னொரு முறை அதே மாதிரி. கடைசியில் இரண்டும் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் போய் உட்கார்ந்து, இது யார் வீடு என்பது போலப் பார்த்தன.

துணி எடுக்க வந்த மனைவி கூண்டைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள், கடைசியாகப் புருஷனைப் பார்த்தாள்.

"சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. ஒரு மாசமா அதுங்க பாத்துப் பழகினது பழைய பலகையை. இப்பப் போயி கிளிப்பச்சை அடிச்சு வச்சிருக்கீங்களே, எப்படிங்க இறங்கும்?"

பெயின்டர் தீனி டப்பாவிடம் ஓடினார். தீனியை அள்ளிக் காட்டினார், "வாடா மேனேஜரு, வாம்மா" என்று கொஞ்சினார். தொட்டி மேல் ஓர் அசைவும் இல்லை. வெயில் தணிய ஆரம்பித்திருந்தது. பூட்டைத் திறந்து கொடுத்துவிட்டு வந்த மாப்பிள்ளையும், கடைக்குப் போய்விட்டு வழியில் அவரோடு சேர்ந்துகொண்ட மகளுமாகப் படியேறி வந்தார்கள்.

மாப்பிள்ளை கூண்டைப் பார்த்தார். சாதுவான மனுஷருக்கு முதல் தடவையாகக் குரல் உயர்ந்தது.

"உங்ககிட்ட ஒண்ணும் பண்ண வேணாம்னுதானே மாமா சொன்னேன்?"

"தப்புதான் மாப்பிள்ளை. என் கையை உடைக்கணும்." பெயின்டர் டர்பன்டைன் பாட்டிலையும் கந்தல் துணியையும் எடுத்துவந்து, ஈரம் காயாத பச்சையைத் துடைக்க ஆரம்பித்தார். "பழைய மாதிரியே ஆக்கிடறேன். ஒரு நிமிஷம். காவி கொஞ்சம், கறுப்பு ஒரு துளி, மங்கல் மஞ்சள்..."

கலக்கினார், பூசினார், காய்ந்த பிரஷ்ஷால் இழுத்து மரத்தின் ரேகையைக் கொண்டுவந்தார். யாரையும் கேட்காமல் எண்ணெய்க் கறையை அதே இடத்தில், அதே கோணலோடு வைத்தார். ஆணித் துரு வந்தது. பாதி அழிந்த அம்புக்குறி, பாதி அழிந்தபடியே வந்தது. கூண்டைச் செய்த மாப்பிள்ளைக்கே அவ்வளவு ஞாபகம் இல்லை.

"இதையெல்லாம் எப்ப மாமா பாத்தீங்க?"

"தினம் இங்கதானே உக்காந்திருக்கேன்." பிரஷ் நின்றது. "புறா இந்த இடத்துல பழகிட்டா அப்புறம் வீடு மாத்தவே முடியாதாமே, சைக்கிள் கடைக்காரன் சொன்னான். அது தங்கிட்டா நீங்களும் தங்கிடுவீங்கன்னு நெனச்சேன். கேக்க வாய் வரலை மாப்பிள்ளை. போகாதீங்க. நீங்க ரெண்டு பேரும் போயிட்டா இந்தச் சுவத்தை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?"

சொல்லிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார், மூக்கில் பச்சை ஒட்டிக்கொண்டது.

"இந்த ஒரு வார்த்தைக்கா அரை டப்பா பெயின்டுப்பா?" என்றாள் மகள். அவள் சிரித்தாளா அழுதாளா என்று அவளுக்கே தெரியாது.

மாப்பிள்ளை கந்தல் துணியை வாங்கி, கூண்டின் விளிம்பில் மிச்சமிருந்த பச்சையைத் துடைத்தார்.

"புறா பழகிட்டா வீடு மாத்த முடியாதுன்னு என்கிட்டயும் சொன்னாரு மாமா. வாங்கறதுக்கு முன்னாலயே சொன்னாரு."

"தெரிஞ்சேவா வாங்கினீங்க?"

"அதுக்காகத்தான் வாங்கினேன். இனிமே இதுதான் நம்ம வீடுன்னு சொல்ல எனக்கும் வாய் வரலை."

பெயின்டருக்கு, பெட்டியோடு வந்த மாப்பிள்ளையின் அன்றைய முகமும், தான் சொன்ன சொல்லும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு நடுவிலும் ஒரு சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் மாப்பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டார். சட்டை முழுக்கக் காவி.

"பேசாதீங்க, ஆடாதீங்க," என்று மகள் கிசுகிசுத்தாள். "அங்க பாருங்க."

மேனேஜர் தொட்டியை விட்டுக் கிளம்பியிருந்தது. ஒரு வட்டம் போட்டு, மாடி விளிம்பில் இறங்கி, தத்தித் தத்தி வந்து, கறையை ஒரு பக்கமாகவும் மறுபக்கமாகவும் பார்த்தது. நாற்பது வருஷத்தில் எத்தனையோ வீட்டுக்காரர்கள் அவர் வேலையைப் பார்த்துக் குறை சொல்லியிருக்கிறார்கள், இப்படி அவர் நடுங்கியதில்லை. மேனேஜர் தலையால் கம்பியைத் தள்ளியது. கதவு 'டக்'கென்று பின்னால் விழுந்தது. உள்ளே கம்பைக் கொத்தும் சத்தம் கேட்டதுதான் தாமதம், அம்மணி நேராகப் பறந்து வந்து, ஒரு யோசனையும் இல்லாமல் உள்ளே நுழைந்துகொண்டது.

துணியோடு கீழே போயிருந்த மனைவி அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள்.

"என்னங்க, புறா வந்துடுச்சா?"

பெயின்டர் கூண்டைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற இரண்டு பேரையும் பார்த்தார்.

"எல்லாரும் வந்தாச்சு," என்றார்.