விளக்கத்தில் உள்ளபடி இல்லை

“இன்னும் ஒரு மணி நேரம் பத்து நிமிஷம்,” என்றாள் குணவதி, கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல். “மிதிங்க.”

காளிதாசன் மிதித்தார். பழைய ‘கஞ்சில்’ ரகச் சின்னக் கார் தொண்ணூறைத் தொட்டதும் உடம்பெல்லாம் உதறியது. குருண் நெருங்கிக்கொண்டிருந்தது. இடப்பக்கம் ஜெராய் மலை தலையில் மேகத்தைச் சுற்றிக்கொண்டு கூடவே வந்தது.

பன்னிரண்டு மணிக்குள் அலோர் ஸ்டார் போய் ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க வேண்டும். பொருளைத் திருப்பி அனுப்புவதாக அவர் போட்ட விண்ணப்பத்தை அவர் கையாலேயே ரத்து செய்ய வைக்க வேண்டும். தவறினால் அது தானாகவே பதிவாகிவிடும். இந்த மாதத்தில் மூன்றாவது திருப்பல். மூன்று ஆனால் இணையக் கடையை மூடிவிடுவார்கள்.

கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் ஆள் குறைத்தபோது வேலை போனவர் அவர். அதன் பிறகு சுங்கைப்பட்டாணி வீட்டு முன்னறையில் அவர் நடத்திய அந்தக் கடைதான் எல்லாம். ரப்பர் தோட்டத்துப் பழைய சாமான்கள். பால் வாளி, விடியுமுன் பால் வெட்டப் போகிறவர்களின் காண்டா விளக்கு, பால் வடிய மரத்தில் கட்டும் மங்கு. முதல் திருப்பல், வழியில் உடைந்த மங்கு. இரண்டாவது, கோலாலம்பூர்ப் பெண் ஒருத்தி அதைச் சாப்பிடுகிற மங்கு என்று நினைத்து வாங்கி, ரப்பர் பால் நாற்றம் என்று திருப்பியது.

மூன்றாவதுதான் இந்தக் கிண்ணம்.

“மெசேஜுக்குப் பதில் இல்லையா?”

“படிச்சிட்டாங்க. பதில் இல்ல. காரணம் மட்டும் அப்படியே நிக்குது. ‘பொருள் விளக்கத்தில் உள்ளபடி இல்லை.’”

“என்ன இல்லையாம்? ஒரு காது நெளிஞ்சதைக்கூட தனியா படம் பிடிச்சுப் போட்டேனே.”

1987 பொங்கல் கால்பந்துப் போட்டியின் வெற்றிக் கிண்ணம். அவர்கள் வளர்ந்த ரப்பர் தோட்டத்தை விற்று, மனமகிழ் மன்றத்தை இடித்தபோது பழைய இரும்புக்காரரிடமிருந்து அவர் மீட்டது. விற்பனைக்குப் போட்டதும் பேரம் கொட்டியது. அறுபது வெள்ளி தருகிறேன், தபால் செலவு உங்களுடையது என்றார் ஒருவர். தூண்டிலுக்கு மாற்றிக்கொள்வோமா என்றார் இன்னொருவர். ஹமீதா என்ற பெயரில் வந்தவர் மட்டும் விலையைப் பற்றிப் பேசவே இல்லை. ஒரே கேள்வி. ‘விளக்கத்தில் எழுதியிருப்பது சரிதானா?’

‘நூறு சதவீதம். அன்றைக்கு நான் திடலில்தான் இருந்தேன்’ என்று பதில் போட்டார் காளிதாசன்.

அடுத்த நிமிடம் பணம் கட்டியாகிவிட்டது. கிண்ணம் ரெண்டு கிலோகூட இல்லை. கொரியர் கடைக்காரி பெட்டியின் நீள அகலத்தை அளந்து ஐந்து கிலோவுக்குச் செலவு போட்டாள். மேல் செலவை அவரே ஏற்றுக்கொண்டார்.

“நீங்க என்ன பொய்யா எழுதினீங்க?” என்றாள் குணவதி. “வென்றது ரெண்டாம் டிவிஷன், ஒன்றுக்குப் பூஜ்யம். எங்க டிவிஷன்தானே ஜெயிச்சது?”

“அதை ஒரு நாள் சொல்லலைன்னா உனக்குச் சோறு இறங்காது.”

“முப்பத்தெட்டு வருஷமா இறங்குது.”

அவர் சிரித்துவிட்டார். வாடிக்கையாளருக்கு அவர் எழுதாத ஒன்று உண்டு. அன்றைக்குத் தோட்டத்தின் இன்னொரு பிரிவான முதல் டிவிஷனின் கோல்கீப்பர் அவர்தான்.

பொங்கலுக்கு மறுநாள். அரைநாள் வேலை. பால் நிறுத்துக் கொடுத்த கையோடு ஜனம் திடலுக்கு வந்துவிட்டது. பால் லாரியின் மேல் ஏறி நின்று கத்தினார்கள் இளவட்டங்கள். சிவப்புச் சாயம் ஊற்றிய ஐஸ் உருண்டையை உறிஞ்சியபடி, தாவணியில் குணவதி எதிர்ப்பக்கம் நின்றாள். கோல் கம்பங்கள் ரப்பர் மரக் கட்டைகள். வலை கிடையாது. பின்னால் இடுப்பளவு லாலான் புல்.

கடைசி நிமிடம். தோட்டத்து மளிகைக் கடைக்காரரின் மகன் அலி, ரெண்டாம் டிவிஷனுக்காகப் பந்தை உதைத்தான். அது கம்பத்துக்கு வெளியே போகிறது என்று பட்டதால் காளிதாசன் பாயவில்லை. நின்றார். பந்து லாலானுக்குள் மறைந்தது. தூரத்தில் நின்ற நடுவருக்குச் சரியாகத் தெரியவில்லை. அலியிடம் ஏதோ கேட்டார். அவன் ஏதோ சொன்னான். விசில் ஒலித்தது. கோல்.

வெளியே போச்சு என்று கத்தியவரை அவர் டிவிஷனே நம்பவில்லை. பார்த்துக்கொண்டே நின்றவன் என்ற பேர் கல்யாண மேடை வரை வந்தது. வருடங்கள் போகப் போக, பந்து உள்ளேதான் போயிருக்கும் என்று அவரே நம்பத் தொடங்கிவிட்டார். விளக்கத்தை எழுதியபோது கை தயங்கவில்லை. இப்போது அந்தத் திடலில் இரட்டை மாடி வீடுகள். கோல் கம்பம் நின்ற இடத்தில் யாரோ கார் நிறுத்துகிறார்கள்.

பதினொன்று இருபத்தைந்துக்கு முகவரியைக் கண்டுபிடித்தார்கள். ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு சாப்பாட்டுக் கடை. மதியக் கூட்டம் இன்னும் சேரவில்லை. கல்லாவில் முக்காடு போட்ட இளம்பெண்.

“ஹமீதாங்கிறது யாரும்மா?” மூச்சு வாங்கியது காளிதாசனுக்கு.

“எங்க உம்மா. ஆன்லைன் கணக்கு அவங்க பேர்ல இருக்கு. நான்தான் பார்க்கிறேன், அங்கிள். சாஃபியா.”

“கிண்ணத்துல என்னம்மா குறை? இன்னிக்கு இது திரும்பினா என் கடை போச்சு. இன்னும் அரை மணி நேரம்தான்.”

அந்தப் பெண் திகைத்துப்போனாள். “கிண்ணத்துல குறையே இல்ல அங்கிள். வாப்பாகிட்ட சொல்லாம நான்தான் வாங்கினேன். அவங்க ஆசையா பிரிச்சாங்க. கிண்ணத்து எழுத்தையும் உங்க விளக்கத்தையும் படிச்சாங்க. விளக்கம் தப்பு, இதை நான் வச்சுக்கக் கூடாதுன்னாங்க. அதனால அந்தக் காரணத்தை அழுத்தினேன். கடையை மூடுவாங்கன்னு தெரியாதுலா.”

அடுக்களைத் திரையை விலக்கிக்கொண்டு, தோளில் துண்டோடு, கனத்த உடம்புக்காரர் ஒருவர் வெளியே வந்தார். காளிதாசனைப் பார்த்தார். கரண்டி கையிலேயே நின்றது.

“காளியா?”

“அலி.”

“வித்தது நீயா? முடியை எங்கடா வித்தே?”

“இலவசத் தபால்ல அனுப்பிட்டேன். உன் வயிறு யாரு ஆர்டர் பண்ணினது?”

குணவதி கைபேசியை நீட்டினாள். “அண்ணே, பேசுறதை அப்புறம் பேசலாம். முதல்ல அந்தத் திருப்பலை எடுக்கச் சொல்லுங்க.”

அலி மகள் பக்கம் திரும்பினார். “ரத்து பண்ணும்மா. இப்பவே.”

சாஃபியா அழுத்தினாள். ஒரு வட்டம் சுழன்றது. சுழன்றுகொண்டே இருந்தது. பிறகு பச்சை எழுத்து வந்தது. பதினொன்று நாற்பத்தொன்று. காளிதாசன் பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ வந்தது. அலி மட்டும் குடிக்கவில்லை. கல்லாவுக்குப் பின்னால் நின்ற கிண்ணத்தைத் தூக்கி வந்து மேசையில் வைத்தார்.

“இதை நீயே எடுத்துட்டுப் போ. காசு வேணாம். ஆனா அந்த விளக்கத்தை மாத்திடு.”

“எதை மாத்தணும்?” என்றாள் குணவதி. “ரெண்டாம் டிவிஷன் ஜெயிச்சதுன்னு கிண்ணத்துலயே வெட்டியிருக்கே அண்ணே.”

அலி அவளைப் பார்க்கவில்லை. “காளி, அந்த நடுவர் எந்த ஊர்க்காரர், ஞாபகம் இருக்கா?”

“போலீஸ்காரர். ஜொகூர்லேருந்து மாத்தலாகி வந்து ஒரு வாரம்தான் ஆயிருந்துச்சு.”

“பந்து வெளியே போச்சுங்கிறதை அவங்க ஊர் மலாய்ல எப்படிச் சொல்வாங்க?”

“கெலுவார்.”

“நம்ம கெடாவுல?”

“கெலுவா.” சொல்லிவிட்டு, காளிதாசன் டீ கிளாஸை மேசையில் வைத்தார்.

“பந்து எங்க போச்சுன்னு என்னைக் கேட்டார். மூச்சிரைக்க ஓடி வந்து பதில் சொன்னேன். விசில் ஊதிட்டார். ஏன் ஊதினார்னு புரியறதுக்குள்ள என்னைத் தோள்ல தூக்கிட்டாங்க. இறக்கிவிட்டப்போ கிண்ணம் என் கையில இருந்துச்சு. வாய் வரலை.” அலி துண்டால் முகத்தைத் துடைத்தார். “நான் சொன்னது கெலுவா, காளி. அவர் காதுல விழுந்தது, கோலு லா.”