எட்டரைக்குக் கீழே போனால்

தஞ்சாவூர் புறவழிச்சாலையில் இருந்த அந்தத் தனியார் பல்கலைக்கழகத்தின் சேர்க்கை அலுவலகத்துக்கு அபிநயாவும் அவள் அம்மா மலர்கொடியும் வந்து சேர்ந்தபோது மணி இரண்டரை. அபிநயாவின் மடியில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட்டுகள், டி.சி., சாதிச் சான்றிதழ், எல்லாம் ஒரிஜினல். மலர்கொடி அக்கரைப்பேட்டைத் துறைமுகத்தில் அன்று ஏலம் எடுத்த மீனை விற்கச் சொல்லித் தங்கையிடம் கொடுத்துவிட்டு, கைகூடச் சரியாகக் கழுவாமல் நாகப்பட்டினத்தில் பஸ் ஏறியிருந்தாள். ஏசி அறையில் அந்த வாடை தனக்கே தெரிய, கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

அவர்கள் முன்னால் சேர்க்கை அதிகாரி ஷைலஜா ஆறு பக்க ஒப்பந்தத்தை வைத்தாள்.

"நாலு வருஷமும் ஃபீஸ் கிடையாதும்மா. எங்க அறக்கட்டளையே கட்டிடும். கம்ப்யூட்டர் சயின்ஸ். நீங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, ஒரிஜினலை எங்ககிட்ட குடுத்துடணும். நாலு மணிக்கு சேர்க்கை லிஸ்ட்டை அனுப்பிடுவோம்."

"பேனா குடுங்க," என்றாள் மலர்கொடி.

"இரும்மா, படிச்சுக்கிறேன்," என்றாள் அபிநயா.

அவளுக்கு இன்னொரு கணக்கும் ஓடிக்கொண்டிருந்தது. அரசுக் கலந்தாய்வில், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான ஒதுக்கீட்டில், முந்தின நாள் அவளுக்கு ஓர் இடம் வந்திருந்தது. கோயம்புத்தூரில் ஓர் அரசுப் பொறியியல் கல்லூரி, எலக்ட்ரிகல். படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாமே அரசுச் செலவு. ஆனால் இன்று மாலை ஐந்து மணிக்குள் இணையத்தில் 'ஏற்கிறேன்' என்று உறுதி செய்ய வேண்டும். செய்யாவிட்டால் அந்த இடம் வேறு யாருக்கோ.

வரும் வழியெல்லாம், குறுவை நடவு வயல்களைப் பார்த்தபடி மலர்கொடி ஒரே பேச்சுதான் பேசினாள். "கோயம்புத்தூர்ல நமக்கு யாரத் தெரியும்? இது மூணு மணி நேர பஸ்ஸு. காய்ச்சல்னா நான் ஓடி வந்துருவேன்." அப்பா காயாரோகணம் கடலுக்குப் போய் ஐந்து நாள் ஆகியிருந்தது. போகும்போது, "ரெண்டு பேரும் பாத்து செய்யுங்க" என்று மட்டும் சொல்லியிருந்தார்.

ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்தது. அபிநயா தமிழ் வழியில் படித்தவள். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். நான்காம் பக்கத்தில் விரல் நின்றது. திரும்பவும் அதே பத்தியை முதலிலிருந்து படித்தாள்.

"மேடம், ஒவ்வொரு செமஸ்டரும் பத்துக்கு எட்டரை எடுக்கணும்னு போட்டிருக்கு. ஒரு தடவை குறைஞ்சாலும் உதவித்தொகை நின்னுடும். அதுவரைக்கும் நீங்க கட்டினதையும் நாங்க திருப்பிக் கட்டணுமா?"

"அது ஒரு ஃபார்மாலிட்டிம்மா. நல்லா படிக்கிற பொண்ணுதானே நீ?"

"பாதியில போயிட்டா ஒரிஜினலைத் தருவீங்களா?"

"பாக்கி எல்லாம் செட்டில் பண்ணினதும் தருவோம்."

"போன வருஷம் இந்த உதவித்தொகையில எத்தனை பேர் சேந்தாங்க மேடம்?"

"பதினொரு பேர்."

"முதல் செமஸ்டர்ல எட்டரைக்குக் கீழே போனவங்க எத்தனை பேர்?"

ஷைலஜா கணினித் திரையைப் பார்த்தாள். அதில் பார்க்க ஒன்றும் இல்லை. கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"நாலு பேர். நாலு பேருமே தமிழ் மீடியம்."

மலர்கொடி பேனாவை எடுத்துவிட்டிருந்தாள். "எம்பொண்ணு ஸ்கூல்ல முதல் மார்க்குங்க. எடுத்துருவா."

அபிநயா ஒப்பந்தத்தை மூடி மேசையில் வைத்தாள். "கொஞ்சம் வெளியில வாம்மா."

நடைக்கூடத்தில் மலர்கொடி அவள் கையைப் பிடித்தாள். பிடி வலித்தது.

"என்னடி நினைச்சுக்கிட்டிருக்க? கம்ப்யூட்டர் கம்ப்யூட்டர்னு நீதானே சொன்ன?"

"சொன்னேன். இப்பவும் ஆசைதான்."

"அப்பறம் என்ன? எட்டரை எடுக்க மாட்டியா?"

"முதல் வருஷம் எடுக்க மாட்டேன்மா."

மலர்கொடிக்கு அது கன்னத்தில் அறைந்தது போல் இருந்தது. தெருவில், ஏலக்கூடத்தில், கோயிலில் என்று எல்லா இடத்திலும் மகளின் மார்க்கைச் சொல்லிச் சொல்லி வளர்ந்திருந்தது அவள் தலைநிமிர்வு.

"அந்த நாலு பக்கத்தைப் படிக்கவே எனக்கு இருபது நிமிஷம் ஆச்சு," என்றாள் அபிநயா. "எங்க போனாலும் கிளாஸ் முழுக்க இங்கிலீஷ்லதான் நடத்துவாங்க. எனக்குப் புரியவே ஆறு மாசம் ஆகும். கோயம்புத்தூர்ல ஃபெயில் ஆனா மறுபடி எழுதலாம். இங்க ஃபெயில்கூட ஆக வேணாம், கொஞ்சம் குறைஞ்சாலே போச்சு. நீயும் அப்பாவும் எங்கேர்ந்து கட்டுவீங்க? டி.சி.யும் இங்க மாட்டிக்கிட்டா நான் வேற எங்கயும் போக முடியாது."

மலர்கொடி கையை விட்டுவிட்டு வாசலை நோக்கி நடந்தாள். உள்ளே போய் "வேண்டாம் மேடம், மன்னிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு வந்த அபிநயா, ஓடித்தான் அவளைப் பிடிக்க வேண்டியிருந்தது.

தஞ்சாவூர் பழைய பஸ் நிலையத்தருகே ஃபாஜில் என்பவரின் கணினி மையத்துக்குள் நுழையும்போது மணி நாலு இருபது. ஃபாஜில் இணையப் பக்கத்தைத் திறந்து, அபிநயாவின் விவரங்களைப் போட்டு, 'ஏற்கிறேன்' பொத்தானை அழுத்தினார்.

"ஓ.டி.பி. போயிருக்கு. சொல்லும்மா."

அபிநயாவின் போனில் எதுவும் வரவில்லை. மே மாதம், மீன்பிடித் தடைக்காலத்தில், அப்பா வீட்டில் இருந்தபோது கலந்தாய்வுக்குப் பதிவு செய்தது. கொடுத்திருந்தது அவர் எண்.

"அப்பா கடல்ல இருக்காருங்க."

"நம்பரை மாத்த முடியாதும்மா. பத்து நிமிஷம்தான் ஓ.டி.பி. செல்லும். மூணு தடவைதான் அனுப்பும்."

அவள் அப்பாவை அழைத்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. அம்மாவைப் பார்த்தாள். மலர்கொடி வாசல்பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தாள். அவள் இப்போது பேசாமல் இருந்தாலே போதும், கோயம்புத்தூர் இடம் தானாகப் போய்விடும். அது இருவருக்குமே தெரிந்திருந்தது.

சுவர்க்கடிகாரத்தில் நாலு இருபத்தெட்டு.

மலர்கொடி தன் போனை எடுத்தாள். காயாரோகணம் போயிருந்த படகின் உரிமையாளர் கண்ணுசாமியை அழைத்தாள்.

"அண்ணே, மலர்கொடி. போட்டு எங்க வருது?"

"கரைக்குத்தாம்மா வந்துக்கிட்டிருக்கு. என்ன ஆச்சு?"

"வயர்லெஸ்ல அவர கூப்புடுங்கண்ணே. போனை ஆன் பண்ணி மேல தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்க. புள்ளைக்கு ஒரு நம்பர் வரும், அதப் படிக்கணும். அஞ்சு மணிக்குள்ள."

துறைமுக அறையில் கண்ணுசாமி வயர்லெஸ்ஸைத் திருப்புவது போனில் கேட்டது. ஒரே இரைச்சல். காயாரோகணத்தின் படகு கிடைக்கவில்லை. கரைக்கும் அந்தப் படகுக்கும் நடுவில் இருந்த இன்னொரு படகிலிருந்து ஜெகன் குறுக்கிட்டான். "எனக்குக் கேக்குதுண்ணே. நான் சொல்றேன் அவருக்கு."

முதல் ஓ.டி.பி.யின் நேரம் முடிந்தது. நாலு முப்பத்தெட்டுக்கு ஃபாஜில் இரண்டாவது முறை அனுப்பினார். பதில் வரவில்லை. நாலு நாற்பத்தாறுக்கு, "டவர் ஒரு கோடு வந்துருக்காம்," என்றது ஜெகனின் குரல். "வாசிக்கிறாரு. ஒன்பது... ரெண்டு... ரெண்டு... அஞ்சு... எட்டு... ஒண்ணு."

ஃபாஜில் தட்டினார். திரையில் சிவப்பு எழுத்து: தவறான எண்.

"ரெண்டு மெசேஜ் வந்திருக்கும். பழசைப் படிச்சிருக்காரு," என்றார் அவர். "ரெண்டாவதோட நேரமும் முடியப்போகுது. கடைசித் தடவை அனுப்பட்டுமா?"

அபிநயா தலையை மட்டும் ஆட்டினாள்.

மலர்கொடி எழுந்து போனை வாய்க்கருகே வைத்துக் கத்தினாள். ஏலத்தில் விலை கூவுகிற அதே குரல். "அண்ணே, மூணாவதா இப்ப ஒண்ணு வரும்! பழசு எதையும் படிக்க வேணாம்னு சொல்லுங்க! கடைசியா வந்தது மட்டும்!"

நாலு ஐம்பத்தொன்று. இரைச்சல். நாலு ஐம்பத்து மூன்று. யாரோ எந்தப் படகிலிருந்தோ, "எல்லாரும் கொஞ்சம் பேசாம இருங்கய்யா" என்றார்கள்.

"நாலு," என்றது ஜெகனின் குரல். "பூஜ்யம். ஏழு. ஏழு." பிறகு சத்தமே இல்லை. "ஏழுக்கு அப்பறம் என்ன மாமா? ... ஒண்ணு. மூணு. ஒண்ணு, மூணு!"

ஃபாஜில் தட்டினார். திரையில் வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு பச்சை எழுத்து வந்தது. இடம் உறுதி செய்யப்பட்டது.

மலர்கொடி நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா, கோபமா என்று அபிநயாவுக்குத் தெரியவில்லை. கேட்கவும் துணியவில்லை. ஊருக்குத் திரும்பும் பஸ் திருவாரூரைத் தாண்டியது. அதன் பிறகுதான் மலர்கொடி, "அங்க குளுருமா?" என்று கேட்டாள்.

டிசம்பரில் முதல் செமஸ்டர் எழுதி, பிப்ரவரியில் ரிசல்ட் வந்தபோது அபிநயா விடுதி மொட்டை மாடிக்குப் போய் அம்மாவை அழைத்தாள். மறுமுனையில் சந்தைச் சத்தம்.

"கணக்குல போயிருச்சும்மா. மத்ததெல்லாம் பாஸ்."

மலர்கொடி தராசைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"மறுபடி எப்ப?"

"ஏப்ரல்ல."

"சரி. எழுது," என்றாள் மலர்கொடி. யாரோ வஞ்சிரம் என்ன விலை என்று கேட்டார்கள். "இருங்க," என்றாள் அவர்களிடம், "எம்பொண்ணுகிட்ட பேசிட்டு வர்றேன்."