பாத்திரத்தின் அடியில் ஒரு பெயர்

எங்கள் ஊரில் சாவு விழுந்தால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. சர்ச்சுப் பெண்கள் ஆளுக்கொரு பாத்திரத்தில் சமைத்துக் கொண்டுவந்து அடுக்கிவிடுவார்கள். எது யாருடையது என்று தெரிய வேண்டுமே, அதனால் அடியில் டேப் ஒட்டிப் பெயர் எழுதியிருக்கும். கழுவி, அவரவர் வீட்டுக்கு நம் கையாலேயே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வெறும் பாத்திரமாகக் கொடுக்கக் கூடாது. மிசிசிப்பியில் எங்கள் பக்கம் பிறந்த யாருக்கும் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. இந்தப் பாழாய்ப்போன பழக்கத்தால்தான் லாசிட்டர் தப்பித்தான். இல்லை, என்னால்தான்.

பண்ணை முதலாளி லாசிட்டரின் இரும்புத் தானியக் குதிரில் இரண்டு வேலையாட்கள் சோயாப் பயறுக்குள் உயிரோடு புதைந்து செத்தார்கள். இடுப்புக் கயிறு கட்டாமல் உள்ளே இறக்கியிருந்தான். 'கயிறு கட்டினால் வேலை மெதுவாகும்' என்று அவன் சொன்னதாக மேஸ்திரியே சாட்சி சொன்னார். அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லும் பன்னிரண்டு ஜூரிகளில் நானும் ஒருத்தி. பள்ளிக்கூடச் சமையல்கட்டில் வேலை பார்க்கும் இந்த ஓசெல்லாவுக்கு ஒரு பணக்காரனைக் குற்றவாளி என்று சொல்லும் அதிகாரம். விடுவேனா?

பதினோரு வாரம் நடந்தது. வீட்டில் என் புருஷன் க்ளோவிஸ் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு கிடந்தார்.

"போக வேணாம்னா சொல்லுங்க, ஜட்ஜ்கிட்ட கேட்டு விலகிக்கிறேன்" என்றேன்.

"அடப் போடி! டெஷே கேஸ்ல உக்காந்தவங்க மாதிரி நீயும் இருக்கப் போறியா? போய்க் கண்ண முழிச்சு உக்காரு."

டெஷே என் தங்கை மகன். ஒன்றரை நாளில் விசாரணையை முடித்து ஒன்பது வருடம் போட்டார்கள். ஜூரியில் ஒரு ஆள் குறட்டை விட்டுத் தூங்கினார். மேல்முறையீட்டில் சொன்னோம். 'தீர்ப்பைப் பாதிக்கும் குறை அல்ல' என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார்கள்.

ஒன்பதாவது வாரம், செவ்வாய்க்கிழமை. ஃபோனைக் கோர்ட் காவலரிடம் கொடுத்துவிட்டு நான் உள்ளே உட்கார்ந்திருந்தபோது க்ளோவிஸ் போய்விட்டார். மதியம் வெளியே வந்துதான் தெரிந்தது. தங்கை பதினேழு தடவை கூப்பிட்டிருந்தாள். கடைசி நேரத்தில் அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளக்கூட எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

யாராவது விலகினால் உட்கார வைக்கும் மாற்று ஜூரிகள் ஏற்கெனவே தீர்ந்துபோயிருந்தார்கள். நான் விலகினால் எல்லாம் முதலிலிருந்து. அடக்கம் முடிந்த மறுநாள் கறுப்பு உடையோடு போய் என் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அந்த வாரக் கடைசியில் பாத்திரங்களைக் கழுவினேன். சர்க்கரைவள்ளிக் கிழங்கு வந்த கண்ணாடிப் பாத்திரம் ஒன்று. திருப்பிப் பார்த்தால் 'ரூடீன் பெட்வே' என்றிருந்தது. சோயாவுக்குள் செத்த மார்க்வெலின் அம்மா! தினமும் கோர்ட்டில் முன்வரிசையில் உட்காருபவள். எந்த வீட்டுக்குப் போகிறது என்று கேட்காமலே சர்ச்சில் கொடுத்திருப்பாள்.

வழக்கில் சம்பந்தப்பட்ட யாரிடமும் பேசக் கூடாது என்று ஜட்ஜ் தினமும் சொல்வார். நான் பேசவில்லையே! அவள் இல்லாத நேரம் பார்த்து அவள் வாசற்படியில் வைத்துவிட்டு வந்தேன். உள்ளே சோள ரொட்டி, ஒரு துண்டுச் சீட்டு. 'கிழங்கு ரொம்ப ருசி. நன்றி. ஓசெல்லா.' அவ்வளவுதான்.

பன்னிரண்டு பேரும் குற்றவாளி என்றோம். ரூடீன் முகத்தைப் பொத்திக்கொண்டாள். கேட்டீங்களா க்ளோவிஸ் என்று மனசுக்குள் கத்தினேன்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. லாசிட்டரின் வக்கீல்கள் ஆள் வைத்து எங்கள் பன்னிரண்டு பேரையும் துருவியிருக்கிறார்கள். ரூடீனின் எதிர்வீட்டுக் கேமராவில் நான் பாத்திரம் வைப்பது அப்படியே விழுந்திருந்தது. என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். மேஜைமேல் அந்தப் பாத்திரம், கோர்ட் எண் ஒட்டி.

"செத்தவரோட அம்மாவுக்குப் பரிசு குடுத்தீங்களா, மேடம்?"

"பரிசா? சோள ரொட்டிய்யா அது! உங்க வீட்ல எழவு விழுந்தா வெறும் பாத்திரமாவா திருப்பிக் குடுப்பீங்க?"

"குடுத்தீங்களா, இல்லையா?"

"குடுத்தேன்."

டெஷேவுக்கு ஒரு வரி எழுதிய அதே சட்டம், லாசிட்டருக்கு நாற்பது பக்கம் எழுதியது. தீர்ப்பு ரத்து, மறுவிசாரணை. அதற்குள் மேஸ்திரி டெக்சாஸில் லாசிட்டரின் மச்சான் கம்பெனியில் சேர்ந்துவிட்டார். எதுவும் ஞாபகமில்லையாம். அரசாங்கம் வழக்கையே கைவிட்டது. லாசிட்டர் மீன் பிடிக்கப் போவதாகக் கேள்வி.

போன வாரம் கோர்ட் குமாஸ்தா கூப்பிட்டார்.

"பாத்திரத்த அந்தம்மா வாங்க வர மாட்டேங்கறாங்க. நீங்களும் வரலன்னா குப்பையில போட்ருவோம்."

வாங்கிக்கொண்டு நேராக ரூடீன் வீட்டுக்குப் போனேன். முதல்முறையாக வெறும் பாத்திரம். எதையும் சமைக்க எனக்குக் கை ஓடவில்லை.

கதவைத் திறந்தாள். "சிஸ்டர் ரூடீன், நான் வேணும்னு..." என்று ஆரம்பித்தேன். அவள் பாத்திரத்தை வாங்கித் திருப்பி, கோர்ட் எண்ணை நகத்தால் சுரண்டினாள்.

"எம் மவனுக்குக் கிழங்கு இதுலதான் பண்ணுவேன்" என்றாள். "ஆனா இது திரும்பி வரலன்னு நான் அழுதேனா, சிஸ்டர்? நீங்களே வச்சுக்கிட்டிருக்கக் கூடாதா?"

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.